கீழே அனுப்புங்க... வெளியே அனுப்பாதீங்க!

போன மாசம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். தங்கச்சி வீடு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். வாசலில் பலா மரம், கொல்லையில் இரண்டு மாமரம், தெரு முழுக்க நிழல். சென்னையிலிருந்து போகிறவனுக்கு அந்த ஊரைப் பார்த்தாலே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

தங்கச்சி மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். பதினேழு வயசு. நான் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று எட்டிப் பார்த்தால், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். நான் பி.காம். படித்தவன். எனக்கு அது பழைய லெட்ஜர் மாதிரி தெரிந்தது.

"என்னடா, அப்பா டாலி கத்துக்கச் சொல்லிட்டாரா?"

"பேஸ்பால் மாமா" என்றான்.

விஷயம் இதுதான். 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 1999-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. இதில் நீங்கள் மட்டை பிடிக்க வேண்டாம், ஓட வேண்டாம். நீங்கள்தான் டீம் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை ஆட வைப்பது, யாருக்கு ஓய்வு கொடுப்பது, எல்லாம் உங்கள் தலையில். மீதியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆடிக் காட்டும். நாம் ஸ்கூலில் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ரன் எழுதி 'புக் கிரிக்கெட்' ஆடினோமே, அதன் கொள்ளுப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயல் ஒரு பிட்சரை வளர்த்துக்கொண்டிருந்தான். பிட்சர் என்றால் நம்ம ஊர் பவுலர். அறுபதரை அடி தூரத்திலிருந்து, எதிரே நிற்பவனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னலுக்குள் பந்தை எறிய வேண்டும். ஒரே ஆளுக்கு நாலு பந்து ஜன்னலுக்கு வெளியே போனால், அவன் மட்டையைத் தூக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். அதற்குப் பேரே 'வாக்'. நம்ம வைடு மாதிரி, அதைவிட மோசமான தண்டனை.

இவன் வளர்க்கும் பிட்சருக்குப் பத்தொன்பது வயசு. வேகம் பிரமாதம். கட்டுப்பாடு பூஜ்யம். வாரி வாரி 'வாக்' கொடுக்கிறான்.

"அப்புறம் எதுக்குடா வச்சிருக்கே? இதோ 'ரிலீஸ்'னு ஒரு பட்டன் இருக்கே, அமுக்கி அனுப்பிட வேண்டியதுதானே?"

"இல்ல மாமா. ஒரு படி கீழ இருக்கிற லீக்குக்கு இறக்கியிருக்கேன். அங்க ஒரு ரெண்டு சீசன் போடட்டும். பத்தொம்பது வயசுதானே, இன்னும் டைம் இருக்கு."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டான். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தங்கச்சி சொன்ன கதையைக் கேட்டபிறகுதான் சுருக்கென்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் ஒரு கிரிக்கெட் கோச்சிங் கேம்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். எந்த கேம்ப் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் அதே கேம்ப்தான். இவன் ஃபாஸ்ட் பவுலர். நல்ல உயரம், நல்ல வேகம். இரண்டு பிராக்டிஸ் மேட்சில் லைன் கிடைக்காமல் தடுமாறினான். ஒரே ஓவரில் ஆறு வைடு. கோச் அப்பாவைக் கூப்பிட்டார். "சார், இவனுக்கு இது செட் ஆகாது. உங்க காசும் வேஸ்ட், அவன் டைமும் வேஸ்ட். படிக்க வைங்க." அவ்வளவுதான். கிட் பேக் பரணுக்குப் போய்விட்டது.

அப்போது அவனுக்கு வயசு பதினைந்து.

யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயசில், இரண்டே மேட்சில், ரத்தமும் சதையுமாக இருந்த பையனை நாம் 'ரிலீஸ்' பண்ணிவிட்டோம். அந்தப் பையன் உட்கார்ந்து, உலகத்திலேயே இல்லாத ஒரு பத்தொன்பது வயசுக்காரனுக்கு இரண்டு சீசன் டைம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நாம் கொடுக்காததை அவன் ஒரு கம்ப்யூட்டர் பொம்மைக்குக் கொடுக்கிறான்!

'கேம் விளையாடிக் கெட்டுப்போறான்' என்று அவன் அப்பா புலம்புகிறார். கெட்டுப்போனது யார் என்று இந்த வாரம் கொஞ்சம் பேசிவிடலாம்.

* * *

நம்மிடம் இரண்டே இரண்டு இடம்தான் இருக்கிறது. ஒன்று உள்ளே. இன்னொன்று வெளியே. கேம்ப்பில் இருக்கிறாய், அல்லது கேட்டுக்கு வெளியே நிற்கிறாய். 'கீழே' என்று ஒரு இடம் நமக்குத் தெரியவே தெரியாது.

பேஸ்பால்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் மேஜர் லீகில் மொத்தம் 30 டீம். 2021-லிருந்து ஒவ்வொரு டீமுக்கும் கீழே படிப்படியாக நாலு டீம், ஆக 120. அதற்கும் கீழே புதுப் பையன்களுக்கென்று இன்னும் ஒரு படி. இவ்வளவும் எதற்கு? தோற்பதற்கு! தப்பாகப் போட்டு, அடி வாங்கி, திருத்திக்கொண்டு, மறுபடி போடுவதற்கு. தோற்பதற்கு ஒரு இடம் கட்டி வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். (சம்பளம் ரொம்பக் குறைச்சல் என்று அங்கேயே பெரிய சண்டை நடந்தது. அது வேற விஷயம்.)

ராய் ஹாலடே என்று ஒருவர். டொரண்டோ டீம். 1998-ல் 21 வயசில் மேலே வந்தார். தன்னுடைய இரண்டாவது மேட்சிலேயே கடைசி ஆள் வரைக்கும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் கொண்டுபோய், அந்தக் கடைசி ஆளிடம் சிக்ஸர் மாதிரி ஒரு அடி வாங்கினார். 'பெரிய ஆளா வருவான்' என்றார்கள். வந்ததா? 2000-ம் வருஷம் மானம் போனது. பேஸ்பாலில் ஒரு பிட்சரின் லட்சணத்தைச் சொல்ல, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறான் என்று பார்ப்பார்கள். நாலுக்குப் பக்கத்தில் இருந்தால் தேவலை. ஹாலடே அந்த வருஷம் கொடுத்தது 10.64! ஐம்பது இன்னிங்ஸுக்கு மேல் ஒரு சீசனில் எறிந்தவர்களில் இதைவிட மோசமான கணக்கு அதுவரை யாருக்கும் கிடையாது.

நம்ம ஊராக இருந்தால்? 'சார், செட் ஆகாது.'

அவர்கள் என்ன செய்தார்கள்? 2001-ல், 23 வயசு ஆளை மேலிருந்து மூன்று படி இறக்கி, டனீடின் என்ற ஊரில் இருந்த சின்ன டீமுக்கு அனுப்பினார்கள். கேவலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கே சும்மா விடவில்லை. மெல் குவீன் என்ற பழைய கோச் அவர் கை வரும் கோணத்தையே மாற்றினார். தலைக்கு மேலே இருந்து வந்த கையைக் கொஞ்சம் இறக்கி, நேராகப் போன பந்தை நெளிய வைத்தார். அதே வருஷம் ஜூலையில் ஹாலடே மேலே திரும்பி வந்துவிட்டார். 2003-ல் 22 வெற்றி, வருஷத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2010-ல் இன்னொரு சை யங். 2017-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2019-ல் பேஸ்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது.

இறக்கினார்கள். துரத்தவில்லை. மொத்த வித்தியாசமும் இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் இருக்கிறது.

* * *

'அமெரிக்காக்காரன் கதை எதுக்கு சார்?' என்பீர்கள். சரி, சேலம் ஜில்லாவுக்கு வாங்க.

சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி மேட்ச். அந்த மேட்சிலேயே பந்து எறிகிற முறை சரியில்லை என்று புகார். ஒரு ஃபாஸ்ட் பவுலருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் உட்கார்ந்து, பயிற்சியாளர்கள் துணையோடு ஆக்‌ஷனை மாற்றினார். 2016-ல் டி.என்.பி.எல். வந்தது. அங்கே யார்க்கர் யார்க்கராகப் போட்டதைப் பார்த்து, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆறு மேட்சோடு சரி. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது.

இப்போது கவனியுங்கள். 2018 சீசன், 2019 சீசன், இரண்டிலும் அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆனால் டீம் அவரைக் கழற்றி விடவும் இல்லை. வலையில் போட்டுக்கொண்டே இருந்தார். 2020-ல் இறக்கினார்கள், 16 மேட்ச் ஆடினார். அந்த வருஷக் கடைசியிலேயே ஆஸ்திரேலியா. வலைப் பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், ஒரே டூரில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கியது 2021 ஜனவரியில். வயசு 29.

அந்தத் தொப்பியை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்துக் கண் கலங்கினோம். புல்லரித்துப் போஸ்ட் போட்டோம். ஆனால் 2015-ல் புகார் வந்த அன்றைக்கே 'செட் ஆகாது' என்று ஒருவர் முடிவு கட்டியிருந்தால்? நமக்கு ஜெயித்த நடராஜன் வேண்டும். தடுமாறுகிற நடராஜனோடு நாலு வருஷம் குப்பை கொட்ட நம்மில் யாரும் தயாராக இல்லை.

* * *

எதிர்க் கட்சி வக்கீலுக்கும் வாய்ப்புக் கொடுப்போம். 'எல்லாரும் ஹாலடே ஆக முடியுமா? எல்லாரும் நடராஜன் ஆக முடியுமா?'

முடியாது. அதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் நம்ம நாட்டிலேயே. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தி, உத்தரப்பிரதேச கிராமங்களிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு ஈட்டி எறியும் பையன்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். அந்த வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் டீம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் இதை டிஸ்னி படமாக எடுத்தது, நம்ம ரஹ்மான் இசை. படம் ஒப்பந்தத்தோடு சுபம். வாழ்க்கை அப்படி முடியவில்லை. தினேஷை 2010-லேயே அனுப்பிவிட்டார்கள். ரிங்கு கீழ் லீகுகளில் இரண்டு மூன்று படி ஏறினார். அப்புறம் கையில் காயம், ஆபரேஷன். மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாமல், 2018-ல் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

ஆக, காத்திருந்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள் என்று நான் கதை விடவில்லை. ஆனால் ஒன்று. ஆறு மாசம் முன்னால்வரை பேஸ்பாலைத் தொட்டே பார்க்காத பையனுக்குக்கூடச் சில வருஷம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்றார்கள். நாம் கொடுத்தது இரண்டு மேட்ச்.

அடுத்த வாதம்: 'எனக்குப் பையனைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் சார்.' பல கோச்சுகள் சொல்வது. சில வாத்தியார்களும். இதற்குப் பதிலை நான் சொல்லவில்லை, அந்தப் பதினேழு வயசுப் பையனே சொன்னான். விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் 'வருங்காலத்தில் இவ்வளவு வருவான்' என்று ஒரு எண் போட்டிருந்தது. "இதைப் பார்த்தா முடிஞ்சுதே, எதுக்குக் காத்திருக்கணும்?" என்று கேட்டேன்.

"அது ஸ்கவுட் சொல்ற நம்பர் மாமா. நிஜ நம்பர் நமக்குக் காட்டாது. ஸ்கவுட்டும் தப்பா சொல்லுவான். வருஷா வருஷம் மாறவும் மாறும்."

கேட்டீர்களா? வெறும் எண்களால் கட்டிய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கே இந்த அடக்கம் இருக்கிறது. ஒரு பதினைந்து வயசுப் பையன் கடைசியில் எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியாது என்கிறது அது. பெருமாள் கோயில் அர்ச்சகர்கூட 'நல்லா இருப்பே'யோடு நிறுத்திக்கொள்கிறார். நம்ம கோச்சுக்கு மட்டும் ஞான திருஷ்டி!

* * *

இது கிரிக்கெட்டோடு போகிற வியாதியும் இல்லை. பத்தாவது ரிசல்ட் நூறு சதவிகிதம் வர வேண்டும் என்பதற்காக ஒன்பதாவதிலேயே பையனைக் கணக்குப் பார்த்து டி.சி. கிழிக்கும் பள்ளிக்கூடங்கள் நம்மூரில் இல்லையா? அது என்ன? அதே ரிலீஸ் பட்டன்தான். கேட்டுக்கு வெளியே பேனர் வைப்பார்கள்: 'நூறு சதவிகிதத் தேர்ச்சி'. வெளியே அனுப்பிய பையன்களின் கணக்கு எந்த பேனரில் வரும்?

நான் காமர்ஸ் படித்தவன் என்றேன் அல்லவா. முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்த ஒரு பாடம். ஒரு தொழிற்சாலையில் மார்ச் 31 அன்றைக்குப் பாதி செய்து முடித்த சரக்கு இருக்கும். கால் இல்லாத நாற்காலி, கதவு இல்லாத பீரோ. அதை விற்க முடியாது. அதற்காக நஷ்டத்தில் எழுதினால் வாத்தியார் பேப்பரைக் கிழித்துவிடுவார். அதற்கு 'வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்று பேர். பேலன்ஸ் ஷீட்டில் அதைச் சொத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். வைடு போடுகிற பதினைந்து வயசுப் பையன் யார்? பாதி முடிந்த சரக்கு. எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம் நாம்?

இதையெல்லாம் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறேன் பாருங்கள். அதுதான் வேடிக்கை.

மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், சுரங்கத்தில் வேலை. மறுநாள் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தார். காபி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, இங்க சுரங்கம் வெட்ட ஆரம்பிச்சு முதல் கரி வர எவ்வளவு நாள் ஆச்சு?"

மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாளா? வருஷம் கேளுங்க மச்சான்! 56-ல கம்பெனி. 57 மே மாசம் நேரு வந்து வெட்ட ஆரம்பிச்சு வச்சாரு. கரி கண்ணுல பட்டது 61 ஆகஸ்ட்ல. அதுவரைக்கும் மண்ணு, மண்ணு, வெறும் மண்ணுதான். அடியில தண்ணி வேற. அது கீழேர்ந்து முட்டிக்கிட்டு மேல வரும். ராவும் பகலும் பம்ப் பண்ணிக்கிட்டே இருக்கணும். விட்டா குழி மூழ்கிடும்."

"நாலு வருஷம் வெறும் மண்ணுதான் வந்துச்சுன்னு மூடிட்டுப் போகலையா?"

"எப்படி மச்சான் போவாங்க? கீழ இருக்குன்னு தெரியுமே."

(நிலத்தைக் கொடுத்துவிட்டு இன்னமும் நியாயம் கேட்டு நிற்கிற கிராமங்களின் கதை தனி. அதை இன்னொரு வாரம் எழுத வேண்டும்.)

"சரி, பையன் விஷயத்துல மட்டும் ஏன் ரெண்டு மேட்ச்சுல மூடிட்டீங்க?"

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "கோச்சே சொல்லும்போது நான் என்ன மச்சான் பண்றது? எனக்கு கிரிக்கெட் தெரியாது. சுரங்கம்தான் தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அவர்தான். பீஸ் கட்டுகிறோம், ரசீது வாங்குகிறோம், சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதனால், கிரிக்கெட் தெரியாத அப்பா அம்மாக்களுக்காக, கோச்சிடம் கேட்க மூன்று கேள்வி எழுதித் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. 'என் பையன் கிட்ட எது சரியில்லை? ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க.' கால் இறங்கும் இடமா, தலை சாய்கிறதா, கை வரும் கோணமா? 'செட் ஆகாது' என்பது பதில் இல்லை. அது சோம்பேறித்தனம்.

இரண்டு. 'ஒரு நாளைக்கு எத்தனை பந்து போட வைக்கிறீங்க? யார் எண்றாங்க?' அமெரிக்காவில் பேஸ்பால் சங்கங்கள் 2014-ல் எழுதி வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 15, 16 வயசுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 76-ஐ எட்டினால் நாலு நாள் கட்டாய ஓய்வு. வளர்கிற முழங்கையும் தோளும் அவ்வளவுதான் தாங்கும். கிரிக்கெட் பந்துவீச்சு வேறு, கணக்கும் வேறு. ஆனால் எண்ணுகிற பழக்கமாவது இருக்க வேண்டாமா? இங்கே காலையிலிருந்து வெயில் ஏறும்வரை வலையில் போடச் சொல்லிவிட்டு, களைத்துப்போய் வைடு போட்டால் 'கண்ட்ரோல் இல்லை' என்பது.

மூன்றுதான் முக்கியம். 'எடுத்தா சரி. எங்கே அனுப்புறீங்க? எப்போ திரும்பி வரலாம்?' 'பி' டீம் இல்லை, இடம் இல்லை, காசு இல்லை என்பார்கள். நாலு இடத்துக்கு நாற்பது பையன்கள், உண்மைதான். நான் முதல் டீமில் இடம் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம், மிச்சம் இருக்கிற பையன்களுக்கு ஒரு மேட்ச். ஒரு பழைய பந்து, ஒரு ஸ்டம்ப், ஒரு நோட்டுப் புத்தகம். எந்த மாசம் எத்தனை வைடு என்று எழுதி வைக்க ஒரு பையன். நெய்வேலி மாதிரி மைதானத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்கு எத்தனை கோடி வேண்டும்?

கிளம்பும்போது பயலிடம் கேட்டேன். "என்னடா ஆனான் உன் ஆளு?"

"ஒரு சீசன் முடிச்சிட்டான் மாமா. வாக் பாதியா குறைஞ்சிருக்கு."

"மேல வந்துட்டானா?"

"இன்னும் இல்ல."

இன்னும் மேலே வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பொம்மையின் கையில் இன்னும் பந்து இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையனின் பந்து எந்தப் பரணில் கிடக்கிறது? போய்ப் பாருங்கள்.